காலையில் எழாத கார்: யார் இழுத்த ஒயர் அது?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): உதகை ஃபெர்ன்ஹில் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 14 மாதங்களுக்கு முன் கோவையில் புதிய கார் வாங்கினேன். மூன்றாம் மாதத்திலிருந்தே, மூன்று நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. இருமுறை பேட்டரி மாற்றியும் பயனில்லை. மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்த இரவில் கார் கிளம்பாமல் பக்கத்து வீட்டு ஜீப்பில் ஓடினோம். சர்வீஸ் மேலாளரோ “மலைக்குளிரில் அப்படித்தான்” என்று சிரிக்கிறார். இப்போது இரவில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைக்கிறேன். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. வெளிக்கடையில் பொருத்தியது ஒரு ஜிபிஎஸ் கருவி மட்டுமே. இலவச பேட்டரியும் ஓராண்டு கூடுதல் வாரன்டியும் தருவதாக டீலர் சொல்கிறார். அந்தப் பிச்சை எனக்கு வேண்டாம். புது காரும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஐயா, மேலாளர் சிரித்ததை விட்டுவிடுங்கள். அந்த இரவு கொடுமையானதுதான். ஆனால் வழக்கு வென்ற பிறகு இழப்பீட்டைச் சற்றுக் கூட்டுவதற்குத்தான் அது உதவும். வழக்கை வென்று தராது.

கடிதத்தில் எனக்கு வேண்டியது இரண்டே வரிகள். ஒன்று, ஒயரைக் கழற்றி வைத்தால் காலையில் ஸ்டார்ட் ஆகிறது என்பது. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். குளிரில் பேட்டரியின் வலு குறையும் என்பது உண்மைதான். ஜனவரி உறைபனியில் அதை நாமே பார்க்கிறோம். ஆனால் குளிர்தான் காரணம் என்றால் ஒயரைக் கழற்றினாலும் அதே குளிர்தானே? ஆக பேட்டரி நல்லது. வண்டிக்குள் ஏதோ ஒன்று இரவெல்லாம் மின்சாரத்தைக் குடிக்கிறது. மேலாளரின் வாதம் அங்கேயே முடிந்தது.

மற்றொரு வரி உங்களை முடிக்கும்: ஜிபிஎஸ் கருவி. குடிப்பது கார் நிறுவனம் போட்ட ஒயரா, கடைக்காரர் இழுத்த ஒயரா? வழக்கு முழுவதும் இந்தக் கேள்விதான். குறையை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள், அவர்களல்ல.

இந்த இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். நோட்டீஸ் அனுப்பும் முன் ‘எதற்கு வம்பு’ என்று தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து அந்தக் கருவியைப் பிடுங்கிவிடுவார்கள். கோளாறு நின்றால் டீலர்மீது வழக்கே இல்லை. நிற்காவிட்டால், “உங்கள் ஆள் ஒயரிங்கைக் கெடுத்துவிட்டார்” என்பார்கள். இரண்டிலும் தோற்பது நீங்கள். ஆகவே அந்தக் கருவியில் இப்போது யாரும் கை வைக்கக் கூடாது.

என்னிடம் வழக்குக்காக வந்த கூடலூர்க் கட்சிக்காரர் ஒருவர் மல்டிமீட்டர் (மின்னோட்டம் அளக்கும் கருவி) வாங்கி, நிறுத்திய காரில் கசியும் மின்சாரத்தைத் தானே அளந்து கைப்பேசியில் படம் எடுத்து வந்தார். 3 ஆம்பியர், அதாவது 3000 மில்லி ஆம்பியர்! எங்களுக்கெல்லாம் ஒரே மகிழ்ச்சி. எதிர்த்தரப்புப் பொறியாளர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “உள்ளே விளக்கு எரிகிறதே, கதவு திறந்திருக்கிறதா?” என்று கேட்டார். அதோடு அந்தச் சான்று போயிற்று. கதவுகளைப் பூட்டி, ரிமோட் சாவியைத் தொலைவில் வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, காரின் உள்கணினிகள் எல்லாம் உறங்கிய பிறகு எடுக்கும் அளவுதான் அளவு. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. 400 என்றால் நாளுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணி கரையும்; 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் படுத்துவிடும், உங்களுக்கு நடப்பதைப் போலவே.

இந்த அளவை சர்வீஸ் சென்டரிலேயே, உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கருவி இணைந்திருக்கும்போது ஒன்று, அவர்கள் கையாலேயே அதைத் துண்டித்த பிறகு ஒன்று என இரண்டு எண்களும் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைப் பதிவுத் தாளில்) ஏற வேண்டும். துண்டித்தும் எண் இறங்காவிட்டால், ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எதில் இறங்குகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அதுவும் தராவிட்டால், மறுத்ததைக் குறிப்பிட்டு அன்றைக்கே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ‘குறை சரிசெய்யப்பட்டது’ என்று அச்சிட்ட இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருப்பீர்கள், எல்லோரும் போடுகிறார்கள்.

புது காரை மறந்துவிடுங்கள். மாருதி நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில் 2006இலேயே, வாரன்டி பழுதான பாகத்தை மாற்றித்தரத்தான், காரையே மாற்றித்தர அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு ஒயரிங் கோளாறுக்குப் பத்து லட்சமும் வராது. வழக்கு உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். ஆனால் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பினால் அதற்கான கட்டணத்தை முதலில் கட்டுவது நீங்கள்தான், பல மாதம் அலைவதும் நீங்கள்தான்.

எனவே நீங்கள் பிச்சை என்கிறதை வாங்கிக்கொள்ளுங்கள், கூடுதல் பேரத்தோடு. இலவச பேட்டரி உங்களுக்குப் பயனற்றது. உள்ள பேட்டரியே நல்லதுதானே. அதற்குப் பதில் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதையும், மின் ஒயரிங் முழுவதற்கும் கூடுதல் வாரன்டியையும், காரை இழுத்துச்சென்ற செலவு இருந்தால் அதையும் கேளுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால், ‘இதே கோளாறு திரும்பினால் தவிர’ என்று சேர்க்காமல் கையெழுத்திடாதீர்கள். இரண்டு எண்களும் கைக்கு வரும் முன் பேரத்துக்கு உட்காராதீர்கள்.

பேச்சுவார்த்தை நடப்பதால், வழக்குப் போடுவதற்கான இரண்டாண்டுக் காலவரம்பு நிற்காது. அந்த இரண்டாண்டை முதன்முதலில் கார் நின்ற நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் பதினோரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.