நாலு மணிக்கு ஹேங் ஆகும் பில்

கேள்வி: அண்ணாச்சி, புளியரையில் மாமா காய்கறி மண்டி வைத்திருக்கிறார். தினமும் புனலூர், கொல்லம் பக்கம் லோடு போகும். பில் போட ஒன்று, திரும்பி வரும் சரக்கை வரவு வைக்க ஒன்று என்று நானே ரெண்டு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். லினக்ஸ் மெஷின். ஒன்று எழுதும்போது மற்றது தொடாமல் இருக்க, ஃப்ளாக் (flock) என்ற லினக்ஸ் வசதியை வைத்து ஃபைலை லாக் செய்கிறேன். காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு லாரி ஏற்றும்போது ரெண்டுமே அப்படியே நின்றுவிடுகிறது. எரர் வருவதில்லை, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார் மாமா. மாற்றவா?
– ஒரு வாசகர், புளியரை

பதில்: வேண்டாம் தம்பி, அந்தக் காசு மாமா கையிலேயே இருக்கட்டும். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ப்ரோகிராம்களைப் பார்த்தேன். பில் ப்ரோகிராம் முதலில் பில் ஃபைலை லாக் செய்துவிட்டு, அப்புறம் ஸ்டாக் ஃபைலைக் கேட்கிறது. வரவு ப்ரோகிராம் ஸ்டாக்கைப் பிடித்துக்கொண்டு பில்லைக் கேட்கிறது. ஒரு லாக்குக்கும் அடுத்த லாக்குக்கும் நடுவே சில மில்லி செகண்டுதான் இடைவெளி என்பதால் காலையில் தப்பித்துவிடுகிறீர்கள். நாலு மணிக்கு ரெண்டு பக்கமும் என்ட்ரி விழுந்துகொண்டே இருக்கும்போது என்றாவது ஒருநாள் இது பில்லையும் அது ஸ்டாக்கையும் பிடித்துவிடும், பிறகு ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு விடியும்வரை நிற்கும். இதுதான் டெட்லாக். எரர் வராததற்குக் காரணம், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் பொறுத்தவரை இதில் தப்பே இல்லை. காத்திருக்கச் சொன்னீர்கள், காத்திருக்கிறது.

காஃப்மனும் இன்னும் இருவரும் 1971-ல் எழுதிய கட்டுரையில் டெட்லாக் வர நாலு விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும் என்று பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளை ஒரு சமயத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருப்பது. பிடித்ததை வேறு யாரும் பிடுங்க முடியாது. காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வருவது. இதில் ஒன்றை உடைத்தால் போதும். மண்டிக் கணக்கில் முதலாவதை விட முடியாது, ரெண்டு பேர் ஒரே வரியில் எழுதினால் கணக்கு நாறிவிடும். பாதி எழுதியவனிடமிருந்து பிடுங்கினாலும் அதே கதிதான். வட்டத்தை உடைப்பதுதான் மலிவான வழி: எந்த ப்ரோகிராமாக இருந்தாலும் முதலில் பில், அப்புறம் ஸ்டாக். ஸ்டாக் மட்டும் போதும் என்று தொடங்கி நடுவில் பில்லும் தேவைப்பட்டால், ஸ்டாக்கை விட்டுவிட்டு முதலிலிருந்து வரிசையாக எடுங்கள், எடுத்த பிறகு ஸ்டாக்கை மறுபடி படியுங்கள், ஏனென்றால் விட்ட இடைவெளியில் அது மாறியிருக்கலாம். மூன்றாவது ஃபைல் ஒன்று பின்னால் வரும் (வராமல் இருக்காது), அதற்கும் இப்போதே ஒரு இடம் குறித்து வையுங்கள்.

உங்கள் ஊரை ஒட்டியே மலையேறும் செங்கோட்டை–புனலூர் ரயில் ஒற்றைப் பாதைதான். அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர், அதாவது பாதை காலி என்ற சம்மதம், வாங்காமல் இந்த ஸ்டேஷன்காரர் வண்டியை விடமாட்டார். முதலில் விட்டுவிட்டு, நடுக் கணவாயில் எதிரெதிரே நிற்கவைத்து யார் பின்வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? உங்கள் ப்ரோகிராம்கள் இப்போது அதைத்தான் செய்கின்றன.

ஐந்து செகண்டில் கிடைக்காவிட்டால் விட்டுவிடு என்று டைம்அவுட் வைக்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. ரெண்டும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டு ஒரே நேரத்தில் திரும்ப வந்து மோதும், அதைத் தவிர்க்கக் காத்திருக்கும் நேரத்தைத் தாறுமாறாக மாற்ற வேண்டும், அதற்குள் பாதி எழுதியதை அழிக்கவும் வேண்டும். வரிசை வைத்தால் இத்தனை வம்பு கிடையாது.

ஃப்ளாக்குக்குப் பதிலாக, ஃபைலை லாக் செய்ய லினக்ஸில் இருக்கும் இன்னொரு வழியான எஃப்சிஎன்டிஎல் (fcntl) லாக்கை உபயோகித்தால் கர்னலே வட்டத்தைக் கண்டுபிடித்து ஈடெட்எல்கே என்ற எரரைத் திருப்பித் தரும். ஃப்ளாக்கில் அந்தச் சோதனை இல்லை. ஆனால் ஓடிப்போய் மாற்றாதீர்கள். அதே ஃபைலை உங்கள் ப்ரோகிராம் வேறெங்கோ ஒரு மூலையில் திறந்து மூடினால்கூட எஃப்சிஎன்டிஎல் லாக் சத்தமில்லாமல் போய்விடும். ஒரு ப்ரோகிராமில் மட்டும் மாற்றினால் இன்னும் மோசம், லினக்ஸில் உள்ளூர் டிஸ்க்கில் இந்த ரெண்டு வகை லாக்கும் ஒன்றையொன்று மதிக்காது.

அடுத்த தடவை நின்றால் உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் லாக்ஸ் (/proc/locks) என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள், லாக்கெல்லாம் யாரிடம் என்று கர்னல் அதில் காட்டும். அம்புக்குறி போட்ட வரியெல்லாம் காத்திருப்பவர்கள், ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) எண்ணும் கூடவே இருக்கும். ஒரு போட்டோ எடுத்து மாமாவிடம் காட்டினால் டிஸ்க் பேச்சு நின்றுவிடும்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் என் ப்ரோகிராம் ‘வேறு யாரோ உபயோகத்தில்’ என்கிறது. இதுவும் டெட்லாக்கா?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: இல்லைம்மா. நீங்கள் லாக்குக்காக உருவாக்கிய காலி ஃபைல் டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது, அழிக்க வேண்டிய ப்ரோகிராம்தான் செத்துவிட்டது. அந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு அதன் மேல் ஃப்ளாக் போடுங்கள். ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் கர்னல் அதை விடுவித்துவிடும்.

கேள்வி: பைத்தானில் பாப்பன் (Popen) மூலம் இன்னொரு ப்ரோகிராமை ஓட்டி, அதன் அவுட்புட்டைப் பைப்பில் (ஒரு ப்ரோகிராம் எழுதுவதை இன்னொன்று படிக்கும் குழாய்) வாங்குகிறேன். வெயிட் போட்டு, முடிந்த பிறகு படிக்கிறேன். சின்ன ஃபைல் என்றால் வருகிறது, பெரியது என்றால் நின்றுவிடுகிறது. லாக்கே போடவில்லையே சார்?
– கல்லூரி மாணவர், களியக்காவிளை

பதில்: லாக் போடாமலும் மாட்டலாம் என்பதற்கு நீங்களே சாட்சி. லினக்ஸில் பைப் வழக்கமாக 65,536 பைட்தான் கொள்ளும். அது நிரம்பியதும், யாராவது படித்து இடம் விடட்டும் என்று நீங்கள் ஓட்டிவிட்ட ப்ரோகிராம் எழுதுவதை நிறுத்திக் காத்திருக்கும். நீங்களோ அது முடியட்டும், அப்புறம் படிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். வெயிட்டுக்குப் பதில் கம்யூனிகேட் போடுங்கள், அது படித்துக்கொண்டே காத்திருக்கும். எரர் அவுட்புட்டுக்கும் தனிப் பைப் வைத்து, நீங்களே ஒன்றை முழுக்கப் படித்துவிட்டு மற்றதைத் தொட்டாலும் இதே கதை நடக்கும். அவுட்புட் மிகப் பெரியது என்றால் பைப்பே வேண்டாம், நேராக ஒரு ஃபைலுக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் நம் தப்புதானா? கர்னலுக்குள் டெட்லாக் வராதா?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: வரும், அதை எழுதுகிறவர்களும் இதே வரிசைப் பஞ்சாயத்தில்தான் காலம் தள்ளுகிறார்கள். எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. ஒரு ஃபைலை எம்மேப் செய்து (ஃபைலையே மெமரி போலப் பார்க்கும் வசதி), அந்த மெமரியையே எடுத்து அதே ஃபைலில் அதே பக்கத்துக்கு (கர்னல் மெமரியைப் பிரித்து வைக்கும் துண்டு) எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்காகக் கர்னல் அந்தப் பக்கத்தை லாக் செய்கிறது. காப்பி எடுக்கப் போனால் அந்தப் பக்கம் இன்னும் மெமரியில் வந்து சேரவில்லை, கொண்டுவர வேண்டுமென்றால் அதே பக்கத்தை லாக் செய்ய வேண்டும். தன் காலைத் தானே மிதித்துக்கொண்டு நிற்கிற கதை. அதனால் லினக்ஸ் காப்பி எடுக்கும்போது பேஜ் ஃபால்ட்டை (இல்லாத பக்கத்தைக் கொண்டுவரப் போவதை) அனுமதிப்பதில்லை, பக்கம் கிடைக்காவிட்டால் லாக்கை விட்டுவிட்டு, பக்கத்தைத் தொட்டு வரவழைத்து மறுபடி முயல்கிறது. 2006-ல் லாக்டெப் என்ற சோதனைக் கருவியையும் கர்னலில் சேர்த்தார்கள். ஓரிடத்தில் அ, ஆ என்றும் இன்னோரிடத்தில் ஆ, அ என்றும் லாக் எடுத்தால், டெட்லாக் நடக்காவிட்டாலும் அது கத்திவிடும். புளியரைத் தம்பிக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே சொல்லியிருக்கும்.