அப்பாவின் 20 கோடியும் ஏஜென்டின் 50 லட்சமும்

கேள்வி: எனக்கும் அப்பாவுக்கும் வீட்டில் ஒரு படச் சண்டை. 2001-ல் தண்டையார்பேட்டையில் 30 ரூபாய் டிக்கெட்டில் அவர் பார்த்த படம் 20 கோடி வசூலித்ததாம். போன மாதம் நான் 150 ரூபாய் கொடுத்துப் பார்த்த படம் 90 கோடி. விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தால் எது பெரிய ஹிட்? இன்னொன்று. மாதம் 10,000 ரூபாய் கட்டினால் 20 வருடத்தில் 50 லட்சம் தரும் எண்டோமென்ட் பாலிசியை (சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) ஒரு ஏஜென்ட் சொல்லி எடுத்துவிட்டேன். பத்திரம் போன வாரம்தான் வந்தது. “அந்தக் காசு அப்போ என்னத்துக்கு ஆகும்?” என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்விதான். அப்பாவுக்கு அது புரிந்திருக்கிறது.

முதலில் படம். நிலம், வீடு விற்பவர்களின் வரிக் கணக்குக்காக அரசு ஆண்டுதோறும் ஒரு பணவீக்கக் குறியீட்டை அறிவிக்கிறது. 2001-02-ல் அது 100; 2025-26-ல் 376. அதன்படி அப்பாவின் 20 கோடி இன்றைக்கு 75 கோடி சொச்சம். உங்கள் படம் 90. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். வசூலை டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். 20 கோடியை 30-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 67 லட்சம் பேர். 90 கோடியை 150-ஆல் வகுத்தால் 60 லட்சம். இப்போது அப்பா ஜெயித்துவிட்டார். அதுவும் எல்லோரும் 30 ரூபாய் சீட்டில் உட்கார்ந்ததாக வைத்துக்கொண்டால்தான். முன்வரிசைக்காரர்களையும் சேர்த்தால் தலை எண்ணிக்கை இன்னும் கூடும்.

நானும் ராயபுரத்தில் வளர்ந்தவன்தான். ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிய பிறகு, “முப்பது அறுபது, முப்பது அறுபது” என்று உதடு அசையாமல் முணுமுணுத்தபடி ஒருவர் நம்மை உரசிக்கொண்டு போவார். 30 ரூபாய் டிக்கெட் 60 ரூபாய்க்கு என்று அர்த்தம். அந்த மேல் முப்பது எந்த வசூல் கணக்கிலும் ஏறியதில்லை. இன்றைக்குப் போஸ்டரில் போடும் கோடிகளையும் யாரும் உட்கார்ந்து தணிக்கை செய்வதில்லை. வரியோடு சேர்ந்த மொத்த வசூலா, வரி போன மிச்சமா, விநியோகஸ்தர் கைக்கு வந்த ஷேரா என்றே பல போஸ்டர்கள் சொல்வதில்லை. ஹாலிவுட்டிலும் இதே கதைதான். வெறும் டாலர் கணக்கில் 2009-ல் வந்த ‘அவதார்’ முதலிடம்; விலைவாசியைச் சேர்த்தால் 1939-ல் வந்த ‘கான் வித் த விண்ட்’.

இரண்டு கணக்கும் ஏன் முட்டிக்கொள்கின்றன? எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. குறியீடு மூன்றே முக்கால் மடங்கு ஆன காலத்தில் உங்கள் வீட்டு டிக்கெட் ஐந்து மடங்கு ஆகியிருக்கிறது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. சென்னை மல்டிபிளெக்ஸ்களில் 2017 வரை பல வருடங்களுக்கு டிக்கெட் உச்சவரம்பு 120 ரூபாய்தான். 2012-13-லிருந்து 2016-17-க்குள் அதே குறியீடு 200-லிருந்து 264-க்குப் போய்விட்டது. டிக்கெட் நின்ற இடத்திலேயே நின்றது. பாப்கார்ன் ஏன் அந்த விலை விற்றது என்று இப்போது புரிந்திருக்கும்.

படத்துக்கு என் ஓட்டு தலைக்கணக்குக்கே. அப்பாவிடம் தோற்றுப்போங்கள், பரவாயில்லை.

இனி உங்கள் பணம். 4 சதவீதப் பணவீக்கம், கூடக் குறைய 2 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இலக்கு. ஆனால் பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரி பில்லும் உள்ள வீட்டுக்கு நான் 6-க்குக் குறைத்துக் கணக்குப் போடுவதில்லை. 6 சதவீதத்தில் 20 வருடம் கழித்து வரும் 50 லட்சம், இன்றைய மதிப்பில் 15.6 லட்சம்தான். நீங்கள் கட்டப்போவதோ 24 லட்சம்.

உடனே பதற வேண்டாம். கட்டும் 24 லட்சமும் ஒரே நாளில் போவதில்லை, பின்னால் கட்டும் தவணைகளுக்கும் மதிப்பு குறைந்துகொண்டேதான் வரும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பாலிசியின் வருமானம் 7 சதவீதத்தைத் தொடவில்லை. விலைவாசி தின்றது போக உங்களுக்கு மிஞ்சுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஏஜென்ட் காட்டிய 50 லட்சமும் பாதி போனஸ் எதிர்பார்ப்பாக இருக்கலாம்; எவ்வளவு உறுதித் தொகை என்று பத்திரத்தில் பாருங்கள்.

நானாக இருந்தால் இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடும்பத்துக்குத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுப்பேன். மிச்சத்தில் பாதியை அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப்-பில் போடுவேன், இப்போதைய வட்டி 7.1 சதவீதம், அதற்கு வரி கிடையாது. மறு பாதி, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி., அதாவது மாதாமாதம் கட்டும் முதலீடு. அதில் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் உங்களுக்கு 20 வருடம் இருக்கிறதே.

பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த நாட்களுக்கான காப்பீட்டுச் செலவு, மருத்துவப் பரிசோதனை, முத்திரைத்தாள் செலவு போக மிச்சம் திரும்பி வரும். ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. ஏஜென்டிடம் பேசிக்கொண்டிருக்காமல் கிளை அலுவலகத்துக்கே போய்க் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.