ஐ.நா. அவைகளில் மக்கள் அமைப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அமைப்பு சிறியது. ஐ.நா. கூட்டங்களில் பங்கேற்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: ஐ.நா. சாசனத்தின் 71ஆம் பிரிவுதான் வாசல். பொருளாதார, சமூக மன்றம் அரசு சாரா அமைப்புகளைக் கலந்தாலோசிக்க அது வழி செய்கிறது. நடைமுறை விதிகள் அந்த மன்றத்தின் 1996ஆம் ஆண்டின் 31ஆம் தீர்மானத்தில் உள்ளன. இப்படிக் கலந்தாலோசிக்கப்படும் அமைப்புக்குத் தரும் அங்கீகாரமே ஆலோசனைத் தகுதி. அதில் பொது, சிறப்பு, பட்டியல் என மூன்று வகை உண்டு. சில துறைகளில் மட்டும் இயங்குவோருக்குச் சிறப்புத் தகுதி பொருந்தும். அமைப்பு தொடங்கி இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். தகுதி கிடைத்த பின் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். பொது, சிறப்புத் தகுதி பெற்றவர்கள் அதைத் தவறவிட்டால் தகுதி பறிபோகலாம்.

கேள்வி: எங்கள் விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு அமர்விலும் ஒரு புதுக் கேள்வி வருகிறது. எங்கே தவறினோம்?

பதில்: பெரும்பாலும் எங்கும் தவறியிருக்க மாட்டீர்கள். விண்ணப்பங்களை முதலில் பார்ப்பது 19 நாடுகளின் அரசுப் பிரதிநிதிகள் அமர்ந்த குழு. அதில் ஏதேனும் ஒரு நாடு ஒரு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும். சாதிப் பாகுபாட்டை எதிர்க்கும் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2007இல் விண்ணப்பித்தது. இந்தியாவின் அடுக்கடுக்கான கேள்விகளால் அது பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தது. கடைசியில் 2022 டிசம்பரில் குழுவைத் தாண்டி, மன்றமே வாக்கெடுத்துத் தகுதி வழங்கியது. யாரைக் கண்காணிக்கிறோமோ அவர்களிடமே அனுமதிச்சீட்டு இருப்பது அநீதி என்றே சொல்வேன். ஆனாலும் ஒரு கேள்வியையும் விடாமல், எழுத்தில், உடனுக்குடன் பதில் அனுப்புங்கள். பின்னால் மன்றத்தில் உங்களுக்காக வாதாட வரும் நாடுகளுக்கு அந்தப் பதில்கள்தான் ஆதாரம்.

கேள்வி: அதுவரை கைகட்டிக் காத்திருப்பதுதானா?

பதில்: கூடவே கூடாது. மனித உரிமை ஒப்பந்தங்களை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும் நிபுணர் குழுக்களுக்கு நிழல் அறிக்கை, அதாவது அரசின் அறிக்கைக்கு இணையாக மக்கள் அமைப்புகள் தரும் அறிக்கை, அனுப்ப ஆலோசனைத் தகுதி தேவையில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான குழு, சித்திரவதைக்கு எதிரான குழு போன்றவை அரசின் அறிக்கையோடு உங்களுடையதையும் வைத்துப் படிக்கின்றன. ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் சுழற்சி முறையில் அலசும் உலகளாவிய மீளாய்வுக்கும் யாரும் தகவல் தரலாம். தனி அமைப்பு என்றால் 2,815 சொற்களுக்குள் முடிக்க வேண்டும். மீளாய்வுக்குப் பல மாதங்கள் முன்பே கெடு முடிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். என் பார்வையில், அவையில் பேசும் இரண்டொரு நிமிடத்தைவிட, உரிய வேளையில் சேரும் தேதியும் இடமும் பிசகாத ஓர் அறிக்கைக்கே வலு அதிகம். நிபுணர்கள் அரசுத் தரப்பிடம் கேட்கும் கேள்வி அதிலிருந்து பிறக்கிறது.

கேள்வி: அரசுகள் அல்லாதோர் வாக்களிக்கும் அவை ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. 1919இல் தொடங்கியதிலிருந்தே அதன் மாநாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் அரசுத் தரப்பில் இருவர், முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர். நால்வருக்கும் தனித்தனி வாக்கு.

கேள்வி: தகவல் கொடுத்ததற்காக ஊர் திரும்பியதும் பழிவாங்கினால்?

பதில்: இந்த அச்சம் நியாயமானது. சீனாவின் மீளாய்வில் மக்கள் பங்கேற்பு வேண்டும் என்று போராடிய சாவ் ஷுன்லி, 2013 செப்டம்பரில் ஜெனீவாவுக்குப் புறப்படும்போது பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டார். அடுத்த மார்ச்சில் இறந்துபோனார். இத்தகைய பழிவாங்கல்களை ஐ.நா. பொதுச் செயலாளர் ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிடுகிறார். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால், நடந்ததை உடனே ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். சாட்சி சொன்னவர்களின் பெயர்களை மட்டும் அவர்களைக் கேட்காமல் எந்த அறிக்கையிலும் சேர்க்காதீர்கள்.