தண்ணீர்த் தொட்டியில் அறிவியல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. மிதக்கும் பொருள்களையும் மூழ்கும் பொருள்களையும் தண்ணீர்த் தொட்டியில் போட்டு நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளை விளையாட விடுகிறேன். உற்சாகமாக விளையாடுகிறார்கள், ஆனால் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. காரணத்தை முதலிலேயே விளக்கிவிட்டால் என்ன?

பதில்: விளக்கத்தை முன்னால் வைக்க வேண்டாம். எலிசபெத் பொனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலிய உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பலவிதமாக இயங்கக்கூடிய புதிய பொம்மை ஒன்றை மழலையரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் ஒரு செயல்பாட்டை மட்டும் பெரியவர் கற்றுக்கொடுத்தபோது, குழந்தைகள் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிட்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காதபோதோ, நெடுநேரம் ஆராய்ந்து மற்றச் செயல்பாடுகளையும் தாமாகவே கண்டறிந்தார்கள்.

அதற்காக, பொருள்களைக் கொட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் சரியாகாது. தொட்டிக்குள் எதைப் போடுகிறோம் என்பதில்தான் ஆசிரியரின் உழைப்பே இருக்கிறது. கல்லும் இலையும் மட்டும் இருந்தால், 'கனமானது மூழ்கும்' என்று குழந்தை ஏற்கெனவே நம்புவது உறுதிப்படுமே தவிர, அசையாது. பெரிய மரக்கட்டையையும் சிறிய உலோகக் கரண்டியையும் வைத்துப் பாருங்கள். கையில் கனக்கும் கட்டை மிதந்து, அதைவிட இலேசான கரண்டி மூழ்கும்போது, குழந்தை தானே இன்னொரு முறை போட்டுப் பார்க்கும். பிறகு தண்ணீரில் கரையாத விளையாட்டுக் களிமண்ணைக் கொடுக்கலாம். உருண்டையாக மூழ்கிய அதே களிமண், கிண்ணமாகக் குழித்தால் கூடுதல் நீரை விலக்கி மிதக்கும். அடர்த்தி என்ற பெயரை இந்த வயதில் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது, போடுவதற்கு முன்னால், "என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?" என்பதுதான். போட்ட பிறகு "ஏன்?" என்று துளைத்தால், ஆசிரியரைத் திருப்திப்படுத்த ஏதோ ஒரு பதில் வரும், அவ்வளவுதான். சில நாள் கழித்துப் புதிய பொருள் ஒன்றைக் காட்டும்போது, குழந்தை எடையை மட்டும் பார்க்காமல், அது எதனால் ஆனது, என்ன வடிவம் என்றும் பார்த்து ஊகித்தால், கற்றல் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். எழுத்துத் தேர்வில் இது தெரியாது; குழந்தை சொல்வதை அப்படியே குறித்து வைத்தால்தான் தெரியும்.

கேள்வி: அகலமான பாத்திரத்துத் தண்ணீரை ஒடுங்கிய உயரமான குவளையில் ஊற்றினால், 'தண்ணீர் கூடிவிட்டது' என்கிறார்கள். திருத்த வேண்டுமா?

பதில்: அவசரம் வேண்டாம். ஏறத்தாழ ஏழு வயதுக்கு முன் பல குழந்தைகள் நீர்மட்டத்தின் உயரத்தை மட்டுமே பார்ப்பார்கள் என்பதை குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெவ்வேறு வடிவப் பாத்திரங்களைத் தொட்டியருகே வைத்து, விரும்பும் வரை மாற்றி மாற்றி ஊற்ற விடுங்கள். பழைய பாத்திரத்துக்கே திரும்ப ஊற்றும்போது மட்டம் எங்கே வரும் என்பதை அவர்களே முன்கூட்டிச் சொல்லட்டும்.