நெஞ்சில் ஒட்டும் பேட்ச்: அந்தப் பக்கம் யாராவது பார்க்கிறார்களா?

தண்டையார்பேட்டை வாசகி கேட்கிறார்: அப்பாவுக்கு 67 வயது. வாரத்தில் ஒன்றிரண்டு முறை படபடவென்று வந்து தலை சுற்றுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் சரியாகிவிடுகிறது, ஈசிஜியும் நார்மல். இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் பேட்ச் ஒன்றை 14 நாள் நெஞ்சில் ஒட்டச் சொல்கிறார் டாக்டர். ஸ்மார்ட் வாட்ச் போதாதா?

போதாதும்மா. சாதாரண ஈசிஜி பதிவது ஏறத்தாழ 10 விநாடி. வாட்ச் எடுக்கும் ஈசிஜி 30 விநாடி, அதுவும் அப்பா நினைவாக விரலை வைத்தால்தான். தலை சுற்றும்போது அதெல்லாம் நடக்காது. பேட்ச் தூக்கத்திலும் விடாமல் பதியும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் தாறுமாறான துடிப்பு வந்து வந்து போகும் வகையாக இருந்தால் இப்படித்தான் சிக்கும். அதைக் கண்டுபிடிப்பது முக்கியம், ஏனென்றால் அதனால் இதயத்தில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம், தடுக்க மாத்திரை இருக்கிறது.

ஒட்டுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: பதிவை உடனுக்குடன் யாராவது பார்க்கிறார்களா, இல்லை கழற்றிக் கொடுத்த பிறகுதானா? பல பேட்ச்கள் இரண்டாவது ரகம். மொபைல் வழியாக அனுப்பும் ரகமானால் மொபைல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அப்பா மொட்டை மாடிக்குப் போனாலும் கையோடு போகட்டும். எந்த ரகமாக இருந்தாலும் மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதை நம்பாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் மொபைல் ஆப்பைத் திறந்துகொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான்.

அப்புறம் நம்ம ஊர் வியர்வை. பேட்ச் பாதியிலேயே உரிந்து வருவது பெரும்பாலும் அதனால்தான். ஒட்டும் நாளில் நெஞ்சில் எண்ணெய், பவுடர் கூடாது. முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்திவிட வேண்டும். குளிக்கலாமா என்று அந்த பேட்சைக் கொடுப்பவரிடமே கேளுங்கள். தோல் சிவந்து கொப்புளம் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், உடனே சொல்லுங்கள்.

பேட்ச் போட்டிருக்கிறது என்று அப்பாவைப் படுக்க வைத்துவிடாதீர்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை கடைக்குப் போகட்டும், மாடி ஏறட்டும், வழக்கமாக இருந்தால்தானே வழக்கமாக வருவது பதியும். படபடப்பு வந்ததும் பேட்சில் உள்ள பட்டனை அழுத்தி, "காலை 6.40, தண்ணீர்க்குடம் தூக்கும்போது, இரண்டு நிமிடம்" என்பதுபோல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதிவோடு அந்த நேரத்தை ஒப்பிட்டால்தான் படபடப்புக்குக் காரணம் இதயமா, வேறு ஏதாவதா என்று டாக்டரால் சொல்ல முடியும்.