மாட்ரிட்டில் கட்டணமில்லா மாலைகள்: நீலகிரி வாசகர் கேள்வி பதில்

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் அருங்காட்சியகங்களையும் நினைவுச்சின்னங்களையும் காசு கொடுக்காமல் பார்ப்பது பற்றி மலையிலிருந்து வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில்.

மகள் மாட்ரிட்டில் மேல்படிப்பு படிக்கிறாள், வயது 24. மே மாதம் நானும் என் கணவரும் பத்து நாள் போய்த் தங்கப் போகிறோம். எனக்கு 58, அவருக்கு 67. அருங்காட்சியகங்களில் சும்மாவே விடுகிற நேரம் உண்டு என்கிறாள். எங்கே, எப்போது? (குன்னூர் வாசகி)

உங்கள் மகள் சொல்வது சரி. மூன்று பெரிய ஓவிய அருங்காட்சியகங்களிலும், எந்த நாட்டவராக இருந்தாலும், நுழைவுக் கட்டணம் இல்லாத நேரம் இருக்கிறது. பிராடோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணி. ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் 5 முதல் 7 மணி. ரெய்னா சோஃபியாவில் மாலை 7 முதல் 9 மணி, ஞாயிறு மட்டும் பகல் 12.30 முதல் 2.30, செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. தைசென் அருங்காட்சியகத்தில் திங்கட்கிழமை பகல் 12 முதல் 4 மணி வரை, நிரந்தரத் தொகுப்புக்கு மட்டும்.

திங்கட்கிழமையைக் கவனித்தீர்களா? மதியம் தைசென், ஆறு மணிக்கு பிராடோ, ஏழரைக்கு ரெய்னா சோஃபியா என்று மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது கண்ணும் காலும் ஓய்ந்துவிடும், அங்கே பிகாசோவின் புகழ்பெற்ற ஓவியமான குவெர்னிகா முன்னால் நின்றாலும் மனதில் ஏறாது. பத்து நாள் இருக்கிறது, மாலைக்கு ஒன்று போதும்.

வயதுக்கும் சலுகை உண்டு. 65 தாண்டியவர்களுக்கு ரெய்னா சோஃபியாவில் எந்த நேரமும் இலவசம். பிராடோவில் பாதிக் கட்டணம். உங்கள் மகளைப் போல 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் மாணவர்களுக்கு பிராடோ எந்த நேரமும் இலவசம், மாணவர் அட்டையைக் காட்ட வேண்டும். ஆக, நீங்கள் ஒருவர்தான் முழுக்கட்டணக்காரர். பிராடோவுக்கு 15 யூரோ, நம் பணத்தில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மூவரும் ஒன்றாகப் பார்க்க விரும்பினால் இலவச நேரமே பொருத்தம். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஆதார் அட்டை அங்கே செல்லாது.

மே மாதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மே 1 அன்று பிராடோ, ரெய்னா சோஃபியா இரண்டுமே மூடியிருக்கும். மே 15 மாட்ரிட் நகரின் காவல் புனிதரான சான் இசித்ரோவின் திருநாள். அன்றும் ரெய்னா சோஃபியா கிடையாது. பயணச்சீட்டு எடுக்கும் முன் நாட்காட்டியில் இவற்றை வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிராடோவை அந்த இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடிக்க முடியுமா? வரிசை பயங்கரமாக இருக்கும் என்கிறார்களே? (கோத்தகிரி வாசகர்)

முடியாது ஐயா. முழு நாள் இருந்தாலும் முடியாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் ஒவ்வொரு நாளும் கிடைக்கிறது. காசு கொடுத்து உள்ளே போனவர் கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பார். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மூன்று மாலை போங்கள், மாலைக்கு நான்கைந்து ஓவியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவியம் கற்றுக்கொடுத்தவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

முதலில் வரிசை. இலவச நேரத்துச் சீட்டை அன்றன்று நேரில்தான் வாங்க வேண்டும். கட்டடத்தின் வடக்குப் பக்கம், கோயா வாசலருகே கவுண்டர் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு முன்பதிவில்லாப் பெட்டிக்கு நிற்பது போலத்தான்: சீட்டு சும்மா, ஆனால் நிற்க வேண்டும். சுற்றுலாப் பருவத்தில் ஐந்து மணிக்கே ஆள் சேரத் தொடங்கிவிடும். பலர் செய்யும் தவறு, சரியாக ஆறு மணிக்கு வந்து வால் பகுதியில் சேர்வது. அப்படி வந்தால் உள்ளே போக ஆறே முக்கால் கூட ஆகலாம். ஒன்று 5.15-க்கே வந்து முன்வரிசையில் நில்லுங்கள்; அல்லது, அன்று மூன்று ஓவியம் போதும் என்றால், ஆறே முக்காலுக்கு வாருங்கள். முதல் கூட்டம் உள்ளே போன பிறகு வரிசை வேகமாக நகரும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, உள்ளூர்க் குடும்பங்களும் அன்றுதான் வருவார்கள்.

நேரத்தைத் தின்பது வரிசை மட்டும் அல்ல, பையும்தான். பெரிய முதுகுப்பை, குடை, சாப்பாட்டுப் பொருள் எதையும் காட்சிக் கூடங்களுக்குள் கொண்டுபோக முடியாது; பொருள் பாதுகாப்பறையில் கொடுத்துத் திரும்ப வாங்குவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். கைக்கு அடக்கமான சின்னப் பையோடு போங்கள். உள்ளே படம் எடுக்கத் தடை. பென்சிலும் சின்னக் குறிப்பேடும் இருந்தால் உங்களுக்குப் போதுமே.

முதல் மாலை தரைத்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 56A அறையில் ஹியரோனிமஸ் பாஷின் 'மண்ணுலக இன்பங்களின் தோட்டம்', மூன்று பலகை ஓவியம். பக்கத்தில் 58-ஆம் அறையில் வான் டெர் வெய்டனின் 'சிலுவையிலிருந்து இறக்குதல்'. அங்கிருந்து கோயாவிடம் போங்கள். 1808 மே 3 அன்று நெப்போலியனின் படை மாட்ரிட் மக்களைச் சுட்டுக் கொன்றதை அவர் 1814-இல் வரைந்தார். அது 64-ஆம் அறையில். அடுத்து 67-ஆம் அறையில் 'கறுப்பு ஓவியங்கள்' பதினான்கு. இவற்றை அவர் யாருக்காகவும் வரையவில்லை, தன் வீட்டுச் சுவர்களிலேயே தீட்டினார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1874 முதல், சுவரிலிருந்து பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள். பெயர்த்ததில் வண்ணம் நிறைய இழந்தது; சில இடங்களில் நாம் பார்ப்பது பழுதுபார்த்தவரின் தூரிகையும்தான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கரடுமுரடான தீற்றல்கள் வேறு மாதிரிப் புரியும்.

இரண்டாம் மாலை முதல் மாடி. நேராக 12-ஆம் அறைக்குப் போய் வெலாஸ்கஸின் 'லாஸ் மெனினாஸ்' முன் நில்லுங்கள். 1656-இல் வரைந்தது, உயரம் மூன்று மீட்டருக்கு மேல். கிட்டே போனால் சட்டைக்கையின் பளபளப்பு வெறும் நாலு தீற்றல்தான் என்று தெரியும். ஏழெட்டு அடி பின்வாங்கினால் அது பட்டுத்துணியாகிவிடும். முன்னும் பின்னும் நடந்து பார்க்க இடம் வேண்டும். கூட்டம் வடிந்த கடைசி அரை மணியில் அந்த இடம் கிடைக்கும், எனவே வெலாஸ்கஸை அன்று இரண்டு முறை பாருங்கள். இடைப்பட்ட நேரம் டிஷியனுக்கும் எல் கிரேக்கோவுக்கும்.

மூன்றாம் மாலை இரண்டாம் மாடியில், கோயா இளமையில் அரண்மனைத் திரைச்சீலைகளுக்கு மாதிரியாக வரைந்த படங்கள். பட்டம் விடுவதும் கண்ணாமூச்சி ஆடுவதுமாக வெளிச்சமான ஓவியங்கள். கறுப்பு ஓவியங்களுக்குப் பிறகு இவற்றைப் பார்ப்பதுதான் சரியான முறை என்பேன். ஒரே மனிதரின் கைதானா என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே காவலர்கள் அறைகளைக் காலி செய்யத் தொடங்குவார்கள். டிசம்பர் 24, 31, ஜனவரி 6 ஆகிய நாட்களில் பிராடோ பிற்பகல் 2 மணிக்கே மூடிவிடும், அன்று மாலை இலவச நேரம் கிடையாது.

குவெர்னிகாவை நேரில் பார்க்க ஆசை. அதைப் படம் எடுக்கலாமா? (உதகை, கல்லூரி மாணவி)

எடுக்கலாம். நீண்ட காலம் தடை இருந்தது. 2023 முதல் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க அனுமதிக்கிறார்கள். ரெய்னா சோஃபியாவின் பழைய கட்டடத்தில், முன்பு மருத்துவமனையாக இருந்த பகுதியில், இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம், 7.76 மீட்டர் அகலம், கைப்பேசியில் அடங்காது. அதைச் சுற்றியுள்ள அறைகளையும் விட்டுவிடாதீர்கள். 1937 ஏப்ரலில் குவெர்னிகா ஊர்மேல் குண்டு விழுந்த பிறகு, அதே ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காகப் பிகாசோ இதை வரைந்தார். ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பும்வரை ஓவியம் அங்கே போகக் கூடாது என்பது அவர் விருப்பம். 1981 வரை நியூயார்க்கில் இருந்தது.

அரண்மனை 'இலவசம்' என்று இணையத்தில் போட்டிருக்கிறது. நம்மவர்களுக்கும் உண்டா? (லவ்டேல் வாசகர்)

இல்லை. அரச மாளிகையில் திங்கள் முதல் வியாழன் வரை கடைசி இரண்டு மணி நேரம் இலவசம் என்பது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும், அங்கே வசிப்பிட உரிமை அல்லது வேலை அனுமதி பெற்றவர்களுக்கும், இபேரோ-அமெரிக்க (ஸ்பானிஷ், போர்த்துகீசிய மொழி பேசும் அமெரிக்க) நாட்டவருக்கும் மட்டும். சுற்றுலா விசாவில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு போனால் முழுக்கட்டணம். வரிசையில் நின்று, கவுண்டரில் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் பலர். பிள்ளைகள் ஸ்பெயின் வசிப்பிட அட்டை வைத்திருந்தால் அவர்களுக்கு இலவசம். பார்க்க வந்த அப்பா அம்மாவுக்குச் சீட்டு வாங்க வேண்டும்.

மாளிகையை வெளியிலிருந்து பார்க்கவும் அழகுதான். புதன், சனிக்கிழமைகளில் முற்பகலில் வாசலில் காவலர் மாற்றம் நடக்கும். மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகல் 12 மணிக்குக் குதிரைகளும் இசைக்குழுவுமாகப் பெரிய அளவில் நடத்துவார்கள். ஜனவரி, ஆகஸ்ட், செப்டம்பரில் கிடையாது. எதிரே அல்முதேனா பேராலயம். கோயிலுக்குள் போகச் சிறு காணிக்கை கேட்பார்கள், கட்டாயமில்லை.

குழந்தைகளுக்கு 7 வயதும் 11 வயதும். ஓவியம் பார்த்தால் பத்து நிமிடத்தில் சலித்துக்கொள்வார்கள். வேறு என்ன இருக்கிறது? (கூடலூர் வாசகி)

முதலில் தெபோத் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். இது எகிப்தியக் கோயில், நிஜமாகவே எகிப்திலிருந்து வந்தது. அஸ்வான் அணை கட்டியபோது மூழ்கவிருந்த கோயில்களைக் காப்பாற்ற ஸ்பெயின் உதவியது; அதற்கு நன்றியாக 1968-இல் எகிப்து இதைக் கொடுத்தது. கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து அடுக்கி, 1972-இல் திறந்தார்கள். பவானி சாகரில் மூழ்கிய ஊர்களின் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை. உள்ளே இடம் குறுகல், ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே பகலில் பார்த்துவிட்டு, அந்திக்கு வெளியே புல்வெளியில் உட்காருங்கள்.

அடுத்தது தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேலும், ஞாயிறு காலையும் எல்லோருக்கும் இலவசம். மற்ற நாட்களிலும் கட்டணம் 3 யூரோதான், 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. எனவே இதற்காகத் திட்டத்தை வளைக்க வேண்டாம். தோட்டத்தில் தரைக்கடியில், வடக்கு ஸ்பெயினில் ஆதிமனிதர் ஓவியம் தீட்டிய அல்தமிரா குகையின் கூரை ஓவியங்களை அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே, கிறிஸ்தவ தேவாலயத்தில் தொங்கவிடுவதற்கென்றே செய்த ஏழாம் நூற்றாண்டுத் தங்க மகுடங்கள் இருக்கின்றன. அவற்றில் பதித்த நீலக்கற்கள் இலங்கையிலிருந்து போனவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஊட்டிக் குளிருக்குப் பழகிய உடம்பு. ஜூலையில் போனால் தாங்குமா? எனக்கு முழங்கால் வலியும் உண்டு. (அருவங்காடு வாசகர்)

முடிந்தால் ஏப்ரல், மே அல்லது அக்டோபருக்கு மாற்றுங்கள். மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம், அவ்வளவுதான். ஜூலையில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மாலை ஆறு மணி என்றால் நமக்கு வெயில் தாழும் நேரம். அங்கே ஜூலையில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகும், எனவே இலவச வரிசை நல்ல வெயிலில்தான் நிற்கும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்கு: மூன்று அருங்காட்சியகங்களும் கிட்டத்தட்ட ஒரே சாலையோரம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பத்து நிமிட நடை. லிஃப்ட் உண்டு. நிற்க முடியாதவர்கள் தைசெனின் திங்கள் மதியத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நான்கு மணி நேரம் இருப்பதால் அவசரப்பட வேண்டாம். இன்னொன்று, அங்கே இரவு உணவு எட்டரை, ஒன்பதுக்கு முன் கிடைப்பது சிரமம். வரிசையில் சேரும் முன்பே வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கையோ கடலை மிட்டாயையோ சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

'இலவச நடைச்சுற்றுலா' என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா? (மஞ்சூர் வாசகர்)

போகலாம், ஆனால் அது இலவசம் அல்ல. முடிவில் வழிகாட்டிக்கு நீங்களாகப் பணம் கொடுக்க வேண்டும், அதுதான் அவர் வருமானம். அதேபோல, கட்டணமே இல்லாத இடத்துக்கு 'வரிசையில் நிற்காமல் நுழையலாம்' என்று சீட்டு விற்கும் இணையதளங்கள் உண்டு. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தை மட்டும் பாருங்கள்; கிளம்பும் முந்தைய நாளும் அங்கே நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூட்டமான வரிசையிலும் மெட்ரோவிலும் பாஸ்போர்ட்டைப் பின் பாக்கெட்டில் வைக்காமல் ஜெர்கினின் உள்பையில் வைத்து ஜிப்பைப் போட்டுவிடுங்கள்.