தோப்புக்கு வரும் சாம்பல் அணில், கொய்யாவில் உட்கார்ந்த அந்துப்பூச்சி: தரகர் பேச்சை நம்பலாமா?

வத்திராயிருப்பு பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: சாம்பல் நிற அணில் மாங்காயைக் கடித்துப் போடுகிறது, கொய்யா மரத்தில் ஒரு சாண் அகல அந்துப்பூச்சி இருந்தது. "அணில் எலிச் சாதி, பொறி வைக்கலாம். பூச்சி எந்தப் பட்டியலிலும் இல்லை, கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டி விற்றுத் தருகிறேன்" என்கிறாராம் ஒரு தரகர்.

ஐயா, அணிலைப் பற்றி அவர் சொன்னது பொய், பூச்சியைப் பற்றிச் சொன்னது பாதி உண்மை.

அணில் பாலூட்டி. முன்பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எலியோடு சேர்த்துக் கொறிணி வரிசையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எலிக்கு உள்ள விதி அதற்கு வராது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் எலி, காகம் எல்லாம் தீங்குயிரி, அதாவது கொன்றாலும் குற்றமில்லாத உயிர், என்று தனிப் பட்டியலில் இருந்தன. சாம்பல் அணில் அதில் இருந்ததே இல்லை, 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஒரு விலக்கு உண்டு: மத்திய அரசு இன்ன விலங்கு, இன்ன பகுதி, இத்தனை காலம் என்று அறிவித்தால் தீங்குயிரி ஆகும். பீகாரில் நீலகாய் மானுக்கும், உத்தராகண்டில் காட்டுப்பன்றிக்கும் அப்படி அறிவித்தார்கள். அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள், தரகரிடம் இருக்காது.

உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் உள்ள அணில் இது. கிளையோடு கிளை கோத்த மரங்கள் வேண்டும், தரையிறங்கப் பிடிக்காது. எந்த உயிர் அழியும் நிலையில் இருக்கிறது என்று மதிப்பிடும் உலக அமைப்பான ஐயுசிஎன் இதை 'அச்சுறுத்தலை நெருங்கிய இனம்' என்கிறது. இதற்காகவே 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் வந்தது, 2021-இல் அந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது.

அந்துப்பூச்சி வண்ணத்துப்பூச்சி வரிசை, முதுகெலும்பே கிடையாது. நீங்கள் பார்த்தது அட்லஸ் வகையாக இருக்கும். சிறகின் நுனி பாம்புத்தலை மாதிரித் தெரியும். புழுவாக இருக்கும்போது கொய்யா, எலுமிச்சை இலையைத் தின்று சேர்த்த கொழுப்பில்தான் கடைசி ஒன்றிரண்டு வாரம் ஓடுகிறது, சாப்பிட வாயே இல்லை. ஐயுசிஎன் இதை இன்னும் மதிப்பிடவே இல்லை. பரீட்சையே எழுதாத பிள்ளையைப் பாஸ் என்று எவனாவது சொல்வானா? புலிக்கு வருஷாவருஷம் கேமரா கட்டுகிறோம், பூச்சியை எண்ண ஆளும் இல்லை, காசும் இல்லை. அந்த ஓட்டையில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். கண்ணாடிச் சட்டகத்துக்குள் போன பூச்சி உங்கள் கொய்யாவில் பிடித்ததா, காப்பகத்துக்குள் பிடித்ததா என்று யாருக்குத் தெரியும்? காப்பகத்துக்குள் பிடிப்பது குற்றம்.

முற்றும் காய்களுக்கு உறை மாட்டுங்கள், ஓரத்துப் புளியமரத்தை வெட்டாதீர்கள். அவர் மறுபடி வந்தால் வண்டி எண்ணைக் குறித்து வனச்சரகரிடம் கொடுங்கள்.